போரா குகையில் உங்கள் வழிகாட்டி உடைத்த கல்விழுது

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: அரக்கு சுற்றுலாவில் உங்கள் வழிகாட்டி நடந்துகொண்ட விதம் பற்றிய புகார்

ஐயா,

கடந்த மாதம் உங்கள் நிறுவனம் மூலமாகக் குடும்பத்தோடு விசாகப்பட்டினம், அரக்கு போய்வந்தோம். தங்கிய இடமும் சாப்பாடும் நன்றாக இருந்தன. சுரங்கங்கள் வழியே போகும் கிரந்துல் ரயிலில் கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு, டிக்கெட் கிடைக்கவில்லை என்று வேனில் ஏற்றினீர்கள். சரி, அதை விட்டுவிடுகிறேன். அரக்கு பக்கத்தில் உள்ள போரா சுண்ணாம்புக் குகையில் நடந்ததை மட்டும் விட மனம் வரவில்லை.

எங்களோடு உள்ளே வந்தவர் நீங்கள் அனுப்பிய வழிகாட்டி. கையில் இருந்த டார்ச்சால், குகைக் கூரையிலிருந்து விழுதுபோலத் தொங்கும் கல்விழுதுகளைத் தட்டி, "சத்தம் கேளுங்க" என்று காட்டினார். பிள்ளைகளையும் தட்டச் சொன்னார். விரல் பருமனில் இருந்த ஒன்று நுனியில் ஒடிந்து விழுந்தது. ஒடிந்த இடம் பால் வெள்ளையாக, ஈரமாக இருந்தது. நடுவில் ஊசித் துளை, அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கியது. அவரோ விழுந்த துண்டை எடுத்துத் துடைத்து, ஞாபகமாக வைத்துக்கொள் என்று ஒரு சிறுவனிடம் கொடுத்தார். நான் தடுத்துக் கேட்டதற்கு, "ஆயிரக்கணக்குல தொங்குது சார், ஒண்ணு போனா என்ன?" என்றார்.

என்ன போனது என்று சொல்கிறேன். குகை இருக்கும் அனந்தகிரி மலையில் பெய்யும் மழை, மண்ணில் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. அந்த நீர் குகைக்குள் சொட்டும்போது வாயு வெளியேறி, கரைந்த சுண்ணாம்பு மெல்லிய படலமாகப் படிகிறது. இப்படி ஒரு சென்டிமீட்டர் வளர நூறு ஆண்டுகூட ஆகலாம். அந்தச் சிறுவன் கையில் இருந்தது விரல் நீளத் துண்டு. உடைப்பது இருக்கட்டும், தொட்டாலே கை எண்ணெய்ப்பசை ஒட்டி, அந்த இடத்தில் படிவு சரியாகப் பிடிக்காது; கறுத்தும் போகும். அதே குகையில், சொட்டும் நீரால் தரையிலிருந்து மேல்நோக்கி வளர்ந்த ஒரு கல்முளையைச் சிவலிங்கமாகச் சுற்றுவட்ட மலைக்கிராம மக்கள் கும்பிடுகிறார்கள், சிவராத்திரி கொண்டாடுகிறார்கள். அவர்கள் இடத்துக்கு விருந்தாளியாகப் போய் நாம் செய்த காரியம் இது.

ஊர் திரும்பியதும் உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "சொல்லி வைக்கிறோம்" என்றார்கள். அப்புறம் பேச்சே இல்லை. இதை வெறும் வாய்வார்த்தையாக முடிக்க நான் தயாரில்லை. அந்த வழிகாட்டியைப் பயிற்சி கொடுக்காமல் மறுபடி குகைக்குள் அனுப்பாதீர்கள். தொடக்கூடாது, தட்டக்கூடாது, எதையும் எடுக்கக்கூடாது என்பதை வேனிலேயே எல்லாப் பயணிகளுக்கும் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். நடந்ததைக் குகையைப் பராமரிக்கும் ஆந்திர சுற்றுலாத் துறைக்கு நீங்களே எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். வழிகாட்டிக்கென்று தனியாக வாங்கிய கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும்.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், அன்று எடுத்த படங்களோடு நானே அத்துறைக்கு எழுதுவேன். நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுப்பேன். முன்பதிவு ரசீதின் நகலை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
சென்னை