சேற்றையும் பரிசோதியுங்கள்

ஆசிரியருக்கு,

மீன் பண்ணையில் ஆன்டிபயாட்டிக் என்றாலே மீனில் மருந்து தங்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சரி, அதுவும் கேட்க வேண்டியதுதான். ஆனால் தீவனத்தில் கலந்து போடும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்ற மருந்தில் பெரும்பகுதி மீனின் உடம்பில் சேராமல், தின்னாத தீவனத்தோடும் கழிவோடும் சேற்றில் போய்ப் படிகிறது. அங்கே தாக்குப்பிடிக்கும் பாக்டீரியாக்கள் மருந்தை எதிர்க்கும் தங்கள் மரபணுவைப் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையம் வழியாக, மனிதருக்கு நோய் தரும் வகைகளுக்குக்கூடக் கைமாற்றிவிட முடியும். மீனில் மருந்து எச்சம் பார்க்கும் சோதனையில் இது அகப்படாது.

நோய் வந்த மீனுக்கு மருந்து கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை, நோயே இல்லாத குளத்தில் முன்கூட்டியே கொட்டுவதுதான் எரிச்சல். நார்வேயில் பண்ணைச் சால்மன் மீனுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்த பிறகு, உற்பத்தி பெருகியும் மருந்துப் பயன்பாடு அடியோடு குறைந்தது. அப்புறம் மற்ற இடங்களில் என்ன தயக்கம்?

ஒரு வாசகர்