ஆனையிறவு தாண்டினா இன்சூரன்ஸ் செல்லாதோ?

ஆசிரியருக்கு வணக்கம்,

காரில கொழும்புக்குப் போறதெண்டா "இது யாழ்ப்பாணத்தில போட்ட இன்சூரன்ஸ், அங்க அடிபட்டா காசு தருவாங்களோ" எண்டு கேக்கிற ஆக்கள் இன்னும் இருக்கினம். தருவாங்கள். மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுக்க ஒண்டுதான், வாகன வரிப்பத்திரத்தை மட்டும் மாகாணம் மாகாணமா குடுக்கிறபடியால சனம் குழம்புது போல.

அமெரிக்காவில ஸ்டேட்டுக்கு ஸ்டேட் சட்டம் வேற. அக்கான்ர பெடியன் அரிசோனாவில இருக்கிறான், அங்க ஒராளைக் காயப்படுத்தினா குடுக்கிறதுக்கு ஆகக்குறைஞ்சது 25,000 டொலர் கவர் இருக்கோணும், பக்கத்து கலிபோர்னியாவில 2025 தொடக்கம் அது 30,000. ஆனா அவன் கலிபோர்னியாவில போய் இடிச்சாலும் அவன்ர பொலிசி அந்த ஸ்டேட் கேக்கிற அளவுக்கு தானா ஏறும், வழமையா அப்பிடி ஒரு வசனம் பொலிசியிலயே கிடக்கும். கனடாவுக்கும் அதோடயே ஓடலாம், மெக்சிக்கோவுக்குத்தான் தனியா வாங்கோணும். அவங்களுக்கே எல்லை பெரிய தலையிடி இல்லை, எங்கட 9 மாகாணத்துக்கு ஏன் இந்தப் பயம்?

எங்களுக்கு வில்லங்கம் வேற இடத்தில. இன்சூரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கோ, ஆர் ஓடலாம், என்ன தேவைக்கு ஓடலாம் எண்டு சின்ன எழுத்தில கிடக்கும். சொந்தப் பாவனை எண்டு போட்ட வான், முறிகண்டியில தேங்காய் உடைச்சுப்போட்டு கட்டுநாயக்காவுக்கு ஹயர் ஓடுறது ஊருக்கே தெரியும், ஆனா வழியில இடிபட்டு உள்ள இருந்தவை "நாங்க காசு குடுத்து வந்தனாங்கள்" எண்டு பொலிசில சொன்னா கொம்பனி கையை விரிக்கும், புல் இன்சூரன்ஸ் எண்டாலும் அதே கதைதான். தேர்ட் பார்ட்டி, அதாவது மற்றவைக்கு வாற சேதத்துக்கு மட்டும் போட்டது எண்டா உங்கட வாகனத்துக்கு எப்பவுமே சதம் வராது, அதை விடுங்கோ.

மற்றது லீவுக்கு வாற எங்கட வெளிநாட்டுச் சொந்தங்கள். கனடா லைசென்ஸைக் காட்டி மச்சான்ர காரை எடுத்துக்கொண்டு திருகோணமலைக்கு வெளிக்கிடுகினம். இன்டர்நேஷனல் பேமிட் இருந்தாலும் கொழும்பில இருக்கிற ஓட்டோமொபைல் சங்கத்தில பதியோணும், இல்லாட்டி மோட்டார் திணைக்களத்தில தற்காலிக லைசென்ஸ் எடுக்கோணும். ரெண்டும் இல்லாம ஓடி அடிபட்டா கிளெய்ம் மச்சான்ர தலையில, அங்க அவைக்கு இருக்கிற கனடா இன்சூரன்ஸ் இஞ்ச ஒண்டுக்கும் உதவாது.

என்னட்ட இருக்கிற பத்திரம் முழுக்க இங்கிலீஸ். யாழ்ப்பாணத்தில கிளை வைச்சிருக்கிற கொம்பனிகள், கையெழுத்து வாங்கேக்க ஆர் ஓடலாம், என்ன தேவைக்கு ஓடலாம் எண்ட அந்த ரெண்டு விசயத்தையும் எண்டாலும் தமிழில அடிச்சுத் தரலாம்தானே?

கொக்குவில் வாசகர்