லட்சுமி என்ற பேர்

அன்புள்ள லட்சுமிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதையே இந்த வாரம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். உன் ஆபீசில் உன்னையும் சேர்த்து நாலு லட்சுமி, ஒருத்திக்கு வர வேண்டிய மெயில் இன்னொருத்திக்குப் போகிறது, உன்னைக் கூப்பிட்டால் மூன்று பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றாய். அரசிதழில் கொடுத்துப் பேரை மாற்றிக்கொள்ள யோசிப்பதாகவும் சொன்னாய். "ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கிற பேரும்மா, எனக்குன்னு ஒண்ணு வேணும்" என்று நீ சொன்னபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

மாற்றாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. முப்பது வயது தாண்டியவள் நீ. உன் பேர் உன்னுடையது. அந்தப் பேரில் உனக்கு முன்னால் யார் யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொண்டு அப்புறம் முடிவு செய் என்றுதான் கேட்கிறேன்.

உன் தொல்லை எனக்குப் புரியாமல் இல்லை. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு வாசித்தவள் நான். லட்சுமி இல்லாத வகுப்பு எனக்கு அமைந்ததே இல்லை. மகாலட்சுமி, ராஜலட்சுமி, முத்துலட்சுமி, தனலட்சுமி, வெறும் லட்சுமி என்று வரிசையாக இருப்பார்கள். ஒரு வருடம் ஒரே வகுப்பில் இரண்டு விஜயலட்சுமி. காலாண்டுப் பரீட்சையில் ஒருத்தியின் கணக்கு மார்க்கை இன்னொருத்தியின் பேருக்கு நேரே எழுதிவிட்டேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை வீட்டில் அடி வாங்கிக்கொண்டு மறுநாள் காலையில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். வகுப்புக்கு முன்னாலேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இருந்தாலும் அவள் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு யாரையும் தலைப்பெழுத்தோடு முழுப் பேரும் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1886ஆம் வருடம், மூன்று வாரத்துக்குள் இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. ஜூலை 30ஆம் தேதி புதுக்கோட்டையில் முத்துலட்சுமி. ஆகஸ்ட் 18ஆம் தேதி சென்னையில் சுப்பலட்சுமி. வீடும் வளர்ப்பும் இரண்டு பேருக்கும் வேறு வேறு. முத்துலட்சுமியின் அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அப்பா கல்லூரி முதல்வர். சுப்பலட்சுமி பிராமணக் குடும்பம். அந்தக் காலத்து வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம் செய்து வைத்தார்கள், கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளைப் பையன் இறந்துபோனான். பதினோரு வயதுச் சிறுமி விதவை.

ஒரே பேர் என்பதால் ஒரே விதி வந்துவிடாது. ஆனால் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோது எனக்கு மனசு நிறைகிறது. முத்துலட்சுமி ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில், மன்னரே அனுமதி கொடுத்த பிறகு சேர்ந்தார். அங்கிருந்து 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912இல் டாக்டராக வெளியே வந்தார். அதற்கு ஒரு வருடம் முன்னால், 1911இல், சுப்பலட்சுமி பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண் அவர்தான். விதவை வெளியில் தலை காட்டுவதே தப்பு என்று நினைத்த ஊரில் கல்லூரிக்குப் போய் வந்திருக்கிறார். படித்ததோடு நிற்கவில்லை. தன்னைப் போன்ற குழந்தை விதவைகளைச் சேர்த்துக்கொண்டு, அவர்கள் தங்கிப் படிக்க ஒரு இல்லம் தொடங்கினார். பின்னால் அது கடற்கரையோரம் இருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் நடந்தது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியைச் சேமித்து வைத்த இடம் அது. அங்கே தங்கிப் படித்த பெண்கள் டீச்சர்களாகப் பல ஊர்களுக்குப் போனார்கள். நான் டீச்சர் வேலைக்குப் போனபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லையே, அதற்கு எங்கேயோ ஒரு மூலையில் அவரும் காரணம் என்று நினைத்துக்கொள்வேன்.

முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி நீயே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். பாடப் புத்தகத்தில் அவர் ஒரு பத்திக்குள் முடிந்துவிடுவார். 1927இல் சென்னைச் சட்டசபைக்குள் போய், அங்கேயே துணைத் தலைவராகவும் ஆனார். பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் வேண்டும் என்று பேசினார். அம்மா வந்த மரபைப் பற்றிச் சபையில் எழுந்து பேச எவ்வளவு துணிவு வேண்டும் என்று யோசித்துப் பார். அந்தச் சட்டம் முழுசாக வருவதற்கு 1947 ஆகிவிட்டது. அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டியபோது உள்ளே சேர்த்துக்கொண்டார், அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை அவர் பல வருடம் மனசில் வைத்திருந்தார். 1954இல் அடையாறில் பன்னிரண்டு படுக்கையோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது நடந்துகொண்டிருந்தது. கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகைக்கும் அவர் பேர்தான்.

அவர் படித்த அதே மருத்துவக் கல்லூரியில் 1938இல் இன்னொரு லட்சுமி டாக்டர் ஆனார். லட்சுமி சுவாமிநாதன். 1940இல் சிங்கப்பூருக்குப் போய், அங்கே ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1943இல் நேதாஜி அங்கே வந்து, பெண்களுக்கென்று ஒரு படைப்பிரிவு அமைக்கப்போவதாகச் சொன்னபோது, தலைமை ஏற்றவர் இவர். கேப்டன் லட்சுமி என்று உலகம் கூப்பிடுவது அதனால்தான். அந்தப் படையில் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்க்காதவர்கள் அவர்களில் உண்டு.

படையின் பேர் ஜான்சி ராணி படை. ஜான்சி ராணியும் லட்சுமிதானே! ஒரு லட்சுமியின் பேரில் அமைந்த படைக்கு இன்னொரு லட்சுமி தலைவி. இதில் நீ கவனிக்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. ஜான்சி ராணி பிறந்தபோது வைத்த பேர் மணிகர்ணிகா. கல்யாணத்தில்தான் லட்சுமிபாய் ஆனார். அதாவது, அவரே பேர் மாறியவர்தான். அப்படி இன்னொருவர் நேருவின் தங்கை. அவருக்குப் பிறந்த வீட்டில் ஸ்வரூப் குமாரி என்று பேர், கல்யாணத்துக்குப் பிறகு விஜயலட்சுமி பண்டிட். இந்த இரண்டு பேருக்கும் பேரை மற்றவர்கள் கொடுத்தார்கள். தானாக விரும்பி எடுத்துக்கொண்டவரும் உண்டு. எங்கள் காலத்தில் வீட்டுப் பெண்கள் எல்லாரும் விரும்பி வாசித்த எழுத்தாளர் லட்சுமியின் சொந்தப் பேர் திரிபுரசுந்தரி. அவரும் டாக்டர். எவ்வளவு அழகான, அபூர்வமான பேர்! அதை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, எழுதுவதற்கு லட்சுமியைத் தேர்ந்தெடுத்தார். ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற பேர் என்று நீ சொன்னாயே, அந்தப் பேரில் எழுதித்தான் 1984இல் சாகித்ய அகாதமி பரிசு வாங்கினார்.

கேப்டன் லட்சுமியின் கதை படையோடு முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு கான்பூரில் போய்க் குடியேறி, தொண்ணூறு வயது தாண்டியும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1984இல் போபாலில் விஷவாயு பரவியபோது மருத்துவக் குழுவோடு போனார். 2002இல் அப்துல் கலாமை எதிர்த்துக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். தோற்றார். ஆனால் எண்பத்தேழு வயதில் நின்றார். 2012இல் இறந்தபோது அவர் உடல் மருத்துவக் கல்லூரிக்குப் போனது.

எம்.எஸ். சுப்புலட்சுமியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அவர் குரலில்தான் நீ தினமும் காலையில் எழுந்திருந்தாய். ஆனால் அந்த எம்.எஸ். எதைக் குறிக்கிறது என்று எப்போதாவது கேட்டிருக்கிறாயா? மதுரை சண்முகவடிவு. வீணை வாசித்த அம்மாவின் பேர். பாரத ரத்னா வாங்கிய முதல் இசைக்கலைஞர், வாழ்நாள் முழுக்க அம்மாவின் பேரைத் தலைப்பெழுத்தாக வைத்திருந்தார். சுப்புலட்சுமி என்ற பேரும் அந்த நாளில் தெருவுக்கு நாலு பேருக்கு இருந்ததுதான். இன்று எம்.எஸ். என்று இரண்டு எழுத்தைச் சொன்னாலே போதும். நீ போனில் சொன்ன "எனக்குன்னு ஒண்ணு" அவருக்கு அந்த இரண்டு எழுத்தாக அமைந்துவிட்டது.

1953இல் விஜயலட்சுமி பண்டிட் ஐ.நா. பொதுச்சபையின் தலைவரானார். அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் அவர். பதின்மூன்று வருடம் கழித்து, 1966 அக்டோபரில், அதே பொதுச்சபையில் எம்.எஸ். பாடினார். ஒருவர் அங்கே உலக நாடுகளைப் பேச வைத்தவர், இன்னொருவர் பேச்சை நிறுத்திக் கேட்க வைத்தவர். எனக்கு இரண்டும் பிடிக்கும்.

இன்னும் இருக்கிறார்கள். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் காளிதாஸில் கதாநாயகி திருவையாறு டி.பி. ராஜலட்சுமி. ஐந்து வருடம் கழித்து அவரே படம் இயக்கினார், தமிழில் அப்படிச் செய்த முதல் பெண். செஸ் விளையாட்டில் மகளிர் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண் சென்னையைச் சேர்ந்த எஸ். விஜயலட்சுமி.

இன்னொரு விஜயலட்சுமி இருக்கிறார், அவரைப் பற்றி அதிகம் பேருக்குத் தெரியாது. பி. விஜயலட்சுமி, 1952இல் பிறந்தவர், இயற்பியல் ஆராய்ச்சியாளர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோதே வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. அவர் நிறுத்தவில்லை. துகள்களைப் பற்றிய சமன்பாடுகளோடு வேலை செய்துகொண்டே 1982இல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1985இல் இறந்துவிட்டார். இவரைப் பற்றிப் படித்த அன்று, பரீட்சை மார்க்கில் நான் தப்பு செய்த அந்த விஜயலட்சுமியின் ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பேர் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் பேர் அப்படித்தான் வேலை செய்கிறது. யாரோ ஒருவரைப் படிக்கும்போது நமக்குத் தெரிந்த முகம் எழுந்து வருகிறது.

வெள்ளிக் கோளிலும் ஒரு லட்சுமி உண்டு. அங்கே இருக்கிற மலைக்கும் பள்ளத்துக்கும் பெரும்பாலும் பெண்களின் பேரையே வைத்திருக்கிறார்கள். வடக்கே இருக்கிற ஒரு பெரிய பீடபூமிக்கு லட்சுமி என்று பேர். அடுத்த முறை சாயங்காலம் மேற்கே வெள்ளி தெரிந்தால் பார்.

கடைசியாக, உனக்கு இந்தப் பேர் எப்படி வந்தது என்று சொல்கிறேன். அப்பத்தா பேர் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். உங்கள் அப்பாவுக்கு அதில் விருப்பம் இல்லை, புதுசாக ஒரு பேர் எழுதி வைத்திருந்தார். அப்பத்தாவே வேண்டாம் என்றார். "எம்பேரு பட்டிக்காட்டுப் பேரு தாயி, புள்ளைக்கு நல்ல பேரா வையி" என்றார். பிடிவாதம் பிடித்தது நான்தான்.

நீ பிறப்பதற்கு முந்தின வருடம், 1991இல், புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க அறிவொளி இயக்கம் நடந்தது. சாயங்காலமானால் தெருவிளக்கடியில், கோயில் வாசலில், கல் உடைக்கிற இடத்தில் என்று பெண்கள் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டார்கள். சைக்கிள் ஓட்டவும் அப்போதுதான் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். நான் தொண்டராகப் பாடம் எடுத்தேன், அத்தை, அதாவது உன் அப்பத்தா, முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதுவரை கைநாட்டு. தன் பேரை எழுத வேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு ஆசை. நாங்கள் பேசும்போது லச்சுமி என்றுதானே சொல்வோம், அதனால் முதலில் லச்சுமி என்று எழுதிக் கொடுத்தேன், சுலபமாக இருக்கும் என்று. அவர் ரேஷன் கார்டை எடுத்து வந்து, "இதுல இருக்கிற மாதிரி சொல்லிக் குடு" என்றார். ட்சு அவருக்கு வரவே இல்லை. பதினோரு நாள் ஆயிற்று. எழுதி முடித்ததும் நோட்டைத் தள்ளிவைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நீ கேட்ட பிறப்புச் சான்றிதழை இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். பேர் மாற்ற மனு கொடுப்பதற்கு அது தேவைப்படலாம், பத்திரமாக வைத்துக்கொள். அப்பத்தாவின் நோட்டிலிருந்து அந்தப் பக்கத்தையும் கூட வைத்திருக்கிறேன். மொத்தம் ஏழு வரி. நாலாவது வரியிலிருந்துதான் ட்சு சரியாக வந்திருக்கிறது. காகிதம் மடிப்பில் பழுத்துப் போயிருக்கிறது, பிரிக்கும்போது மெதுவாகப் பிரி.

அன்புடன்,
அம்மா