60 ரூபாய் ரசீதும் ஒரு ஜோடி வளையலும்

என் படிப்புக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

2025-இல் பொறியியல் படிப்பை முடித்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். நேரில் சொன்ன நன்றி எனக்கே போதவில்லை, அதனால் எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டீர்கள். ஆகவே யார் பெயரும் இதில் இல்லை. படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

2021-இல் பிளஸ் டூ முடித்தேன். பொதுத்தேர்வே நடக்காமல் மதிப்பெண் வந்த ஆண்டு அது. அப்பா பாரிமுனையில் காகிதக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றும் மீன்பாடி வண்டிக்காரர். ஊரடங்கில் வண்டி பல வாரங்கள் எங்கள் வியாசர்பாடி வீட்டு வாசலிலேயே நின்றது. அம்மா இரண்டு வீடுகளில் பார்த்துவந்த சமையல் வேலையும் போயிருந்தது. ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர நானே முடிவு செய்துவிட்டேன்.

அந்த வாரம்தான், பள்ளியில் எனக்குத் தமிழ் சொல்லித்தந்த தமிழம்மா, நீங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள். மதிப்பெண் என்ன என்று கேட்கவில்லை. "உங்கள் வீட்டில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது டிகிரி முடித்திருக்கிறார்களா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். "அப்படியென்றால் நீ கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கிறாய்" என்றீர்கள். முதல் பட்டதாரி சலுகை என்று ஒன்று இருப்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேரும் முதல் தலைமுறைப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை, வருமான வரம்பும் கிடையாது. 2010-11 முதல் நடைமுறையில் இருக்கும் திட்டம் எங்கள் தெருவுக்குள் வர 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்தது நான் பிளஸ் டூ முடித்த 2021-இல்தான். நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அது எனக்கு இல்லை. அதைச் சொல்லி நான் அழுதபோது, "இல்லாத கதவைப் பார்க்காதே, இருக்கிற கதவைத் தட்டு" என்று அதட்டினீர்களே, அந்த அதட்டலுக்கு முதல் நன்றி.

இ-சேவை மையத்து அக்கா, உங்களுக்கு என்ன சொல்வது? முதல் பட்டதாரி சான்றிதழுக்கு வீட்டில் படித்தவர்களின் மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றீர்கள். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். தகரப் பெட்டிக்குள் பழைய மின்கட்டண அட்டைகளுக்கு நடுவே அவருடைய சான்றிதழ் கிடைத்தது. நான்காக மடித்தது, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. அதில் அப்பாவின் முன்னெழுத்து ஒரு மாதிரி, குடும்ப அட்டையில் வேறு மாதிரி. விண்ணப்பம் ஒருமுறை திரும்பி வந்தது. நீங்கள் சலித்துக்கொள்ளவில்லை. கிழிந்த காகிதத்தைக் கண்ணாடி உறைக்குள் வைத்து நீவி, மறுபடி ஸ்கேன் செய்து, உறுதிமொழிக் கடிதத்தை உங்கள் கையாலேயே எழுதித் தந்தீர்கள். இரண்டாம் முறைக்கான 60 ரூபாயை என்னிடம் வாங்கவும் இல்லை. அந்த ரசீதைப் பட்டச் சான்றிதழோடு ஒரே கோப்பில் வைத்திருக்கிறேன்.

சலுகை கல்விக் கட்டணத்துக்குத்தான். தேர்வுக் கட்டணம், புத்தகம், மடிக்கணினி எல்லாம் மீதி இருந்தன. கல்லூரிப் பேருந்துக்கு நான் பணம் கட்டவே இல்லை. 2021 மே மாதம்தான் மாநகரச் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆகியிருந்தது. நான்கு ஆண்டும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தேன். மற்றச் செலவுக்குக் கடன் கேட்டு ஒரு வங்கிக் கிளைக்குப் போனோம். சொந்த வீடு உண்டா, நிலம் உண்டா என்றார்கள். இல்லை என்றதும் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வெளியே வந்த அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பெரம்பூர் ஐயா, வங்கியில் 35 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நீங்கள் அன்று மாலை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தீர்கள். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு வேண்டாம், பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும் என்ற வரியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு அப்பாவிடம் கொடுத்தீர்கள். கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தில் மூன்று வங்கிகளுக்கு அனுப்ப வைத்தீர்கள். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அடுத்த ஓராண்டுக்குமான வட்டியை மத்திய அரசு ஏற்கும், அதற்கு வருமானச் சான்றிதழைத் தவறாமல் வங்கியில் கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டும் நீங்களே நினைவுபடுத்தினீர்கள். பணத்துக்குப் பதில் அறிவைக் கொடுத்தீர்கள் ஐயா. அப்பா அன்றிலிருந்து எந்த அலுவலகத்திலும் தலை குனிந்து நிற்பதில்லை.

கடன் அனுமதியான வங்கியின் மேலாளர் அம்மாவுக்கும், முதல் தவணைக்கு ஒரு மாதம் பொறுத்த கல்லூரிக் கணக்காளருக்கும் நன்றி.

எதிர்வீட்டு அத்தை, கடன் வருவதற்கு முன்னால் கலந்தாய்வுக் கட்டணத்துக்கும் சேர்க்கைக்கும் உங்கள் வளையலைக் கழற்றி அம்மா கையில் வைத்தீர்கள். "அடகுக் கடையில் இருந்தாலும் அது வளையல்தான்" என்றீர்கள். ஒன்றரை ஆண்டு வெறுங்கையோடு இருந்தீர்கள். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் புத்தகத்தைத் திறந்தேன்.

தங்கை 2024-இல் கல்லூரியில் சேர்ந்தாள். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் அந்தக் கல்வியாண்டில், கல்லூரி மாணவிகளுக்கு மாதந்தோறும் பணம் தரும் தமிழக அரசின் புதுமைப்பெண் திட்டம் விரிவானதால் அவளுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. முதலில் பணம் வரவில்லை. ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்கே அரசுப் பணம் போகும் என்று அதே இ-சேவை அக்காதான் கண்டுபிடித்துச் சொன்னார். பள்ளிக் காலத்துப் பழைய கணக்கில் அத்தனை மாதப் பணமும் பத்திரமாக இருந்தது.

பிளஸ் டூ முடிவு வந்த பிறகு வரும் சனிக்கிழமைகளில் தமிழம்மாவோடு நானும் நம் பள்ளியில் இருப்பேன். நம் தெருப் பிள்ளைகளை அனுப்பிவையுங்கள். அப்பா, அம்மா இருவருடைய மாற்றுச் சான்றிதழையும் இப்போதே தேடி எடுத்து, முன்னெழுத்து குடும்ப அட்டையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடனும் நன்றியுடனும்,
வியாசர்பாடியிலிருந்து உங்கள் வீட்டுப் பெண்