மூன்று கூட்டத்துக்கு வராதவர்கள் எழுதும் திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகசபை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

நம் ஊடகவியலாளர் சங்கம் யாழ்ப்பாணத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வைக்கும் மாதக் கூட்டங்களில் தொடர்ந்து மூன்றுக்குச் சமுகமளிக்காத உறுப்பினர்களின் பெயர்கள் நீக்கப்படும் என்ற உங்கள் கடிதம் கிடைத்தது. கீழே இணைத்திருந்த பட்டியலையும் பார்த்தோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், நெடுங்கேணி என்று வாசித்துக்கொண்டு போனால், இது நீக்கப்படுவோர் பட்டியலா, வன்னிச் செய்தியாளர்களின் விபரக்கொத்தா என்று சந்தேகம் வருகிறது. சங்கத்தின் விதிக்கோவையான யாப்பில் அப்படியொரு விதி இருப்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் கடிதத்தை மீளப்பெறுங்கள், கூட்டம் வைக்கும் முறையை மாற்றுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கணக்கை மட்டும் பார்ப்போம்.

முல்லைத்தீவு நகரிலிருந்து பரந்தன் ஊடாக யாழ்ப்பாணம் ஏறக்குறைய 110 கிலோமீற்றர். போய்வர 220. லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு ஐந்து லீற்றர் பெற்றோல் வேண்டும். கொக்கிளாயில் இருப்பவர் முதலில் முல்லைத்தீவுக்கு வந்து சேர வேண்டும், அது தனிக் கணக்கு. பஸ்ஸில் வந்தால் காசு மிஞ்சும், நாள் மிஞ்சாது. பத்து மணிக்கென்று அழைத்த கூட்டம் பதினொன்றைத் தாண்டித் தொடங்கும். மங்கல விளக்கு, மௌன அஞ்சலி, தலைமையுரை, வாழ்த்துரை, சென்ற கூட்ட அறிக்கை, அந்த அறிக்கையில் யாருடைய பெயர் விடுபட்டது என்ற விவாதம். பிரதேசச் செய்தியாளர் கொடுப்பனவு என்ற விடயம் நிகழ்ச்சிநிரலில் எப்போதும் 'ஏனையவை'க்கு ஒரு படி மேலே இருக்கும். அதற்கு வரும்போது பிற்பகல் இரண்டு மணி. முல்லைத்தீவு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் எழும்பிவிடுவார்கள். அவர்கள் எழும்பினால் முடிவெடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆட்தொகையான கோரமும் இல்லை. 'அடுத்த கூட்டத்தில் பேசுவோம்' என்று அறிக்கையில் எழுதப்படும். அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் ஏன் வரவில்லை என்று பிறகு கடிதம் எழுதப்படும்.

பெற்றோலைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. எங்களில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் இல்லை. செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்றுதான். அந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. நாயாற்றுப் பக்கம் மீனவர் பிரச்சினை ஒன்று என்று வையுங்கள். போய்ச் சேர ஒரு மணி நேரம். பத்துப் பதினைந்து செக்கன் வீதம் ஏழெட்டுக் காட்சி, இரண்டு தரப்பின் குரல், நூற்றைம்பது சொல்லில் குறிப்பு. எடுத்து முடிந்தால் சிக்னல் இல்லை. சிக்னல் வரும் இடம் தேடி வந்து, வண்டியை நிறுத்திவிட்டு அனுப்பினால் தொண்ணூறு சதவீதத்தில் நின்றுவிடும். கோப்பைச் சுருக்கி மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டும். அது போய்ச் சேர்ந்ததும் 'திணைக்கள அதிகாரியின் கருத்து எங்கே?' என்று கேள்வி வரும். ஒன்றரை நிமிடச் செய்திக்கு அரை நாள் போகிறது. அந்த அரை நாளில் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் வேறொருவர் அனுப்புவார். அன்றைய காசு போவது சின்ன விடயம். அடுத்த தடவை செய்தி நிறுவனத்தின் கந்தோரில் இருப்பவர் யாருக்கு முதலில் அழைப்பார் என்பதே மாறிவிடும். கூட்டத்துக்கு வராதவருக்குச் சங்கப்பற்று இல்லை என்று தலைமையுரையில் சொல்லும்போது இதையும் கொஞ்சம் நினையுங்கள்.

கூட்டத் திகதியை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதும் விளங்கவில்லை. நீங்கள் சொல்லும் மூன்று கூட்டங்களில் ஒன்று வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலுக்கு முதல்நாள் வைக்கப்பட்டது. அறிவித்தல் வந்தது அதற்கு முந்திய இரவு 9.40க்கு, வட்ஸ்அப்பில். அந்தப் பொங்கல் திங்கட்கிழமையில்தான் வரும் என்பது வன்னியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18, மாவீரர் நாளான நவம்பர் 27, மடுத் திருவிழா நடக்கும் யூலை 2, ஓகஸ்ட் 15 ஆகியவையும் ஆண்டுதோறும் மாறாத நாட்கள். இவற்றை முதலில் கலண்டரில் வெட்டிவிட்டு மிச்சத்தில் கூட்டத்தை வைக்க ஐந்து நிமிடம் போதும்.

பொன்னாடைக்கு மட்டும் நேரம் தவறியதில்லை. அரசியல்வாதிக்கு ஒன்று, அனுசரணையாளருக்கு ஒன்று, அவர்களை அழைத்து வந்தவருக்கு இன்னொன்று. நியமனக் கடிதம் இல்லாமல் பத்துப் பதினைந்து வருடம் செய்தி அனுப்புபவருக்கு ஊழியர் சேமலாப நிதியில் ஒரு சதமும் இல்லை. சட்டப்படி ஊழியரிடம் எட்டு சதவீதமும் தொழில் தருநரிடம் பன்னிரண்டு சதவீதமும் சேர வேண்டும். அவரை 'ஊழியர்' என்று ஒப்புக்கொள்ளும் துண்டுக் கடிதமே இல்லாதபோது எதில் எட்டு, எதில் பன்னிரண்டு? இதைப் பற்றி ஊடக நிறுவனங்களுக்குச் சங்கம் அனுப்பிய கடிதத்தின் பிரதி இருந்தால் காட்டுங்கள், நாங்களே ஒரு பொன்னாடை வாங்கி வருகிறோம்.

மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறோம்.

சங்கம் எங்களுக்கு வேண்டும். 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவு முறிப்புப் பகுதியில் சட்டவிரோத மரக்கடத்தலைப் பற்றிச் செய்தி எடுக்கப்போன இரண்டு ஊடகவியலாளர்கள் தாக்கப்பட்டார்கள். அப்படியொரு நாளில் முதல் இரண்டு மணித்தியாலத்தில் நடப்பதுதான் முக்கியம். கண்டன அறிக்கை மறுநாளும் எழுதலாம். மாவட்டத்துக்கு ஒருவரை, அவருக்கு மாற்றாக இன்னொருவரை நியமியுங்கள். இரண்டு சட்டத்தரணிகளின் இலக்கங்கள் அவர்களிடம் இருக்கட்டும். வாக்குமூலத்துக்கு அழைப்பு வந்தால் எந்தப் பொலிஸ் நிலையம், எந்தப் பிரிவு, எழுத்திலா வாய்மொழியிலா, எத்தனை மணிக்கு என்ற நான்கையும் உடனே குறித்து அனுப்பும் பழக்கம் வர வேண்டும். கமராவையோ மெமரி காட்டையோ பொலிஸார் வாங்கி வைத்துக்கொண்டால் பற்றுச்சீட்டு கேட்க வேண்டும். தராவிட்டால் வாங்கியவரின் பெயரையும் நேரத்தையும் குறிக்க வேண்டும். அடிபட்டவர் முதலில் அரசாங்க வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தனியாரிடம் மருந்து கட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் சட்ட வைத்திய அறிக்கை பிந்தும், வழக்கு அங்கேயே பாதி தளர்ந்துவிடும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் போதும். இதுவரை எந்த நிகழ்ச்சிநிரலிலும் இது வரவில்லை.

ஊடக அடையாள அட்டையும் அப்படித்தான். அரசாங்கத் தகவல் திணைக்களத்துக்குப் போகும் விண்ணப்பம் நிறுவனத்தின் பரிந்துரையோடு போக வேண்டும். கொழும்பிலிருக்கும் ஆசிரியரின் கையெழுத்துக்காகப் பிரதேசச் செய்தியாளர் டிசம்பர் கடைசியில் தனித்தனியாகத் தொங்குவதைவிட, சங்கம் ஒக்டோபரிலேயே நிறுவனவாரியாகப் படிவங்களைச் சேர்த்து ஒரே கட்டாக அனுப்பலாம். கொடுப்பனவு நிலுவைக்கு ஒரு பதிவேடு போதும்: செய்தி வெளியான திகதி, தலைப்பு, பேசிய தொகை, கிடைத்த தொகை. மாதம் பத்து நிமிட வேலை. முப்பது பேரின் ஆறு மாதக் கணக்கைச் சேர்த்து நிறுவனத்தின் மேசையில் வைத்தால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். தனியொருவர் கேட்டால் அவருக்கு வரும் அழைப்புத்தான் நின்றுபோகும்.

இவற்றுக்கு ஒரு உறுப்பினரிடமிருந்து மாதம் இரண்டு மணித்தியாலம் போதும். அதை நாங்கள் தருவோம். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தர முடியாது.

ஆகவே மாதக் கூட்டத்தை இரவு எட்டரைக்குத் தொலைபேசியில் வையுங்கள். குரல் மட்டும் போதும். காணொளி டேட்டாவைத் தின்னும், பாதிப் பேரின் இணைப்பு அறுந்துவிடும். மூன்று விடயத்துக்கு மேல் வேண்டாம். நிகழ்ச்சிநிரல் ஏழு நாளுக்கு முன்னர் வரட்டும். முடிவுக்குப் பக்கத்தில் செய்பவரின் பெயரும் திகதியும் இருக்கட்டும். சிக்னல் இல்லாதவர் மறுநாள் நண்பகலுக்குள் குரல்பதிவில் வாக்கைச் சொன்னால் அதையும் வருகையாக எடுங்கள். நேரில் கூடுவது வருடத்துக்கு நான்கு தடவை போதும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று சுற்றி வரலாம். கொடுப்பனவு விடயம் முதலில் வரட்டும், விளக்கைக் கடைசியில் ஏற்றினாலும் எரியும். வருடாந்தப் பொதுக்கூட்டத்தை மாங்குளத்தில் வைத்தால் கண்டி வீதியால் வருபவருக்கும் முல்லைத்தீவு வீதியால் வருபவருக்கும் ஆளுக்கு ஒரு பஸ் போதும். யாழ்ப்பாணத்திலிருந்து வருபவர்கள் எத்தனை பேர் பத்து மணிக்கு வருகிறார்கள் என்று பார்க்கவும் எங்களுக்கு ஆசை.

இதற்கு யாப்பில் திருத்தம் வேண்டும், திருத்தத்துக்குப் பொதுச்சபை வேண்டும், பொதுச்சபைக்குக் கோரம் வேண்டும். பட்டியலில் இருப்பவர்களை நீக்கிவிட்டால் கோரத்துக்கு ஆள் எங்கே? அதனால்தான் முதலில் அந்தக் கடிதத்தை மீளப்பெறுங்கள் என்று தயவாகக் கேட்கிறோம். பொதுச்சபை கூடும் வரை பெயர் நீக்கத்தை நிறுத்தி வைப்பதாக நிர்வாகசபை இரண்டு வரி எழுதினாலும் போதும். நிலுவைச் சந்தா இருப்பவர்கள் அதை இந்த மாத முடிவுக்குள் கட்டிவிடுவார்கள். பற்றுச்சீட்டு இலக்கங்களைப் பொருளாளருக்கு அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
பட்டியலில் பெயருள்ள வன்னிப் பிரதேசச் செய்தியாளர்கள்