முகம் பார்த்து வருகை போடும் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் வருகைப்பதிவுக் கமிட்டியில் இருக்கும் ஐயா, அம்மா எல்லோருக்கும்,

வணக்கம். வாசலில் கேமரா வைத்து, முகத்தைக் காட்டினால்தான் வருகை என்று ஆக்கிவிட்டீர்கள். முதல் ஹவரில் பிள்ளை இல்லையென்றால் அடுத்த ஹவருக்குள் அப்பன் போனுக்கு மெசேஜ் வந்துவிடுகிறது. எனக்கும் வருகிறது, மகன் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நான் கோபப்பட வேண்டும் என்றுதான் அதை அனுப்புகிறீர்கள். எனக்கோ முதலில் வாயில் வருவது, “எந்த சப்ஜெக்ட்டுடா?” என்ற கேள்விதான். அந்த ஒரு விவரம்தான் உங்கள் மெசேஜில் இருப்பதே இல்லை. இந்த மடலே அதற்காகத்தான்.

நான் 1990களின் நடுவில் மதுரையில் பி.ஏ. வரலாறு படித்தவன். ‘படித்தவன்’ என்பதில் உங்களுக்கு ஆட்சேபம் இருக்கலாம். சட்டம் அன்றைக்கும் இதேதான்: 75 சதவீதம் வருகை வேண்டும், கொஞ்சம் குறைந்தால் காண்டொனேஷன் என்று ஒரு அபராதம் கட்டித் தப்பிக்கலாம், 65க்கும் கீழே போனால் பரீட்சை ஹாலுக்குள் விடமாட்டார்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாள். அதில் கால்வாசி இருபத்திரண்டரை. வரலாற்றுப் பசங்களுக்குக் கணக்கு வராது என்று மேத்ஸ் டிபார்ட்மென்டில் கேலி பேசுவார்கள். இந்தக் கணக்கை எங்கள் கடைசி பெஞ்சில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அந்த அரை நாள் எதற்கு என்று யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு.

ப்ராக்ஸி கொடுப்பதில், அதாவது வராதவன் நம்பருக்குக் குரல் கொடுப்பதில், எங்கள் வகுப்பில் ஒருவன் கில்லாடி. கட்டைக் குரல், கீச்சுக் குரல், சளி பிடித்த குரல் என்று ஆளுக்கு ஒன்று வைத்திருப்பான். எங்களுக்கு அலைடு, அதாவது துணைப்பாடம், எகனாமிக்ஸ். அந்த வாத்தியார் ரெஜிஸ்டரை விட்டுத் தலை தூக்காமல் நம்பர் மட்டும் வாசிப்பார். ஒருநாள் அவர் ஒரு நம்பரை வாசிக்க, இவன் “யெஸ் சார்” என்று சொல்லி வாயை மூடவில்லை, அந்த நம்பருக்குச் சொந்தக்காரன் மூச்சு வாங்க வந்து வாசலில் நின்று “மே ஐ கம் இன் சார்?” என்றான். வாத்தியார் முதல்தடவையாகத் தலை நிமிர்ந்தார். அவனைப் பார்த்தார், ரெஜிஸ்டரைப் பார்த்தார். “நீ ஏற்கெனவே உள்ளதானப்பா இருக்க. போ, போ.” அவனும் தேங்க் யூ சார் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒழுங்காக வகுப்புக்கு வந்தவனை வெளியே அனுப்பிய ஒரே ப்ராக்ஸி அதுவாகத்தான் இருக்கும்.

லீவ் லெட்டரில் பாட்டியைச் சாகடித்த கதை எல்லாக் கல்லூரியிலும் உண்டு, அதை விடுங்கள். தியேட்டர் கதையும் அப்படித்தான். தங்கம் தியேட்டரில் 2,500 பேருக்கு மேல் உட்காரலாம், மொத்தக் கல்லூரியும் கட் அடித்து வந்தாலும் டிக்கெட் கிடைக்கும் என்று சீனியர்கள் பெருமையடிப்பார்கள். நான் சொல்ல வந்தது எங்கள் டவுன் பஸ் கண்டக்டரைப் பற்றி. காலையில் எங்களைக் கல்லூரி வாசலில் இறக்கிவிட்ட அதே பஸ் திரும்பி வரும்போது நாங்கள் கும்பலாக ஏறுவோம். கூட்டத்தைப் பார்த்ததுமே, “என்னப்பா, இன்னைக்கு அலைடா?” என்பார். ரெண்டு பேர்தான் ஏறினால், “இங்கிலீஷ் அம்மா நடத்துறாக போல. அதான் கூட்டத்தக் காணோம்.” எங்கள் டைம்டேபிள் எங்களைவிட அவருக்கு அத்துப்படி. எந்த வாத்தியார் எப்படி என்பதும்தான். அவர் ஒருநாளும் எங்கள் வகுப்புக்குள் கால் வைத்ததில்லை. ஏறும் தலைகளை எண்ணியே கண்டுபிடித்துவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை நாலைந்து பேர் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனோம். வரலாற்று ஆர்வமெல்லாம் ஒன்றும் கிடையாது. அடிவாரத்தில் ஆலமரத்து நிழல் இருக்கும், பக்கத்தில் தாமரைக்குளம், அய்யனார் கோயில், தேடிவர ஒரு ஆள் கிடையாது. கொண்டுபோன தயிர்சாதத்தைத் தின்றுவிட்டுப் படியேறிப் பேச்சிப்பள்ளத்தில் சுனைப் பக்கம் காலை நீட்டிப் படுத்திருந்தோம். தலைக்கு மேலே பாறையில் வரிசையாகச் சமண உருவங்கள். கீழே படிக்கட்டில் பேச்சுக்குரல். எட்டிப் பார்த்தால் எங்கள் துறையில் கல்வெட்டு எடுக்கும் சார், பின்னால் எம்.ஏ. பசங்கள். ஓடவும் வழியில்லை, இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் சார்.

அவர் திட்டவில்லை. “வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க” என்றார். சுனைத் தண்ணீரைக் கையால் அள்ளிப் பாறையில் தெளித்தார். அதுவரை வெறும் கீறல் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் எழுத்து தெரிந்தது. வட்டெழுத்து. ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. விரலை வைத்து வாசித்துக் காட்டினார்: குரண்டித் திருக்காட்டாம்பள்ளி குணசேனதேவர், அவருடைய மாணாக்கர் வர்த்தமானப் பண்டிதர், அவருடைய மாணாக்கர் செய்வித்த திருமேனி. யார் செதுக்கச் சொன்னார் என்பதோடு, அவர் யாரிடம் படித்தார், அந்த ஆசிரியர் யாரிடம் படித்தார் என்பதுவரை கல்லில் இருக்கிறது. வாசித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். “அவன் வாத்தியார் பேரக் கல்லுல வெட்டி வச்சிருக்கான். நீங்க என் மாணாக்கர்னு சாக்பீஸ்ல எழுதக்கூட எனக்குக் கூச்சமா இருக்குடா.” எம்.ஏ. பசங்கள் சிரித்த சிரிப்பு மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

மறுவாரம் ரெஜிஸ்டரை எட்டிப் பார்த்தால் அந்த ஹவருக்கு எங்கள் எல்லோருக்கும் ஓ.டி. போட்டிருந்தார், அதாவது ‘ஆன் டியூட்டி’, கல்லூரி வேலையாக வெளியே போனதாகக் கணக்கு. அதற்கப்புறம் அவர் வகுப்பை நாங்கள் கட் அடிக்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், அதற்கு முன்னாலும் அவ்வளவாக அடித்ததில்லை. அன்றைக்கு நாங்கள் தப்பி வந்ததே அலைடு ஹவருக்குப் பயந்துதான்.

ஐயா, வகுப்புக்கு வராத பையன் சோம்பேறியாக இருக்கலாம், இல்லையென்று வாதாட மாட்டேன். எங்களில் பாதிப்பேர் அப்படித்தான். ஆனால் ஒரே சோம்பேறி பத்து மணி வகுப்புக்கு உட்கார்ந்திருந்து பதினொரு மணி வகுப்புக்கு எழுந்து போனால், அந்தப் பதினொரு மணிக்கு அங்கே என்ன நடக்கிறது என்று ஒருதடவையாவது எட்டிப் பார்க்க வேண்டாமா? ரெஜிஸ்டர் காலத்தில் அதைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பது கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. ஹவர்வாரியாக, சப்ஜெக்ட்வாரியாக ஒரு பட்டனைத் தட்டினால் வந்துவிடும். அதை யாரும் தட்டுவதாகத் தெரியவில்லை.

ஆகவே என் கோரிக்கைகள். பெற்றோருக்குப் போகும் மெசேஜில் சப்ஜெக்ட் பெயரையும் போடுங்கள். அதே நிமிஷத்தில் அந்த வகுப்பை எடுப்பவர் போனுக்கும் ஒரு மெசேஜ் போகட்டும்: ‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களே, தங்கள் வகுப்பில் இருக்க வேண்டியவர்கள் 60, இருப்பவர்கள் 14.’ மாதக் கடைசியில் அந்தப் பட்டியலை ஸ்டாஃப் மீட்டிங்கில் வாசியுங்கள். பெயர் சொல்லிக் கேவலப்படுத்த வேண்டாம், எங்களை வாசித்ததுபோல் நம்பர் மட்டும் வாசித்தால் போதும்.

சமணர் மலையில் பிடிபடுகிறவர்களுக்கு ஓ.டி. கொடுக்கலாமா என்பதையும் கமிட்டியில் வைத்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
காண்டொனேஷன் கட்டிய ரசீதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும்
ஒரு பழைய மாணவன்