பாய்ப்படகுக்கு 15 குதிரைவலு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தின் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் சிறு பாய்ப்படகு விட நினைப்பவர்களில் சிலர், கரையோரத்தில் கடற்றொழிலுக்கு ஓடிய 15 குதிரைவலு மண்ணெண்ணெய் எஞ்சினை மலிவென்று லொறியில் ஏற்றி வருகிறார்கள். அது அலையைக் கிழித்து ஓடும் ஃபைபர் படகுக்கான சாமான். பாய்ப்படகுக்கு அது வெறும் பாரம்.

கனமான பாய்ப்படகின் வேகத்துக்கு நீளமே எல்லை. தண்ணீரில் படியும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 2.5 ஆல் பெருக்குங்கள். 16 அடிக்கு மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் வரும். அதற்கு மேல் வலுவைக் கூட்டினால் பின்பக்கம் அமிழும், எரிபொருள் தீரும், அவ்வளவுதான்.

ஆட்களோடு ஒரு தொன் எடைக்கு மூன்று, நான்கு குதிரைவலு என்பது கடல்மட்டக் கணக்கு. 300 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று வலு குறையும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கீழே 2.5 போதுமான 700 கிலோ படகுக்கு இங்கே 3.5 எடுப்பதே சரி. கரையில் நன்றாக ஓடிய எஞ்சின் இங்கே கரும்புகை விட்டு, பிளக்கில் கரி பிடித்தால் எஞ்சின் பழுதென்று பயப்பட வேண்டாம். காற்று ஐதானதால் பெற்றோல் மிஞ்சுகிறது. காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை ஓர் அளவு சிறியதாகவும், ஒரு சுற்றில் முன்னேறும் தூரம் (பிட்ச்) குறைந்த புரொப்பெல்லரும் போட்டால் சீராகும்.

வலுவை விட, எஞ்சினிலிருந்து கீழே புரொப்பெல்லர் வரை இறங்கும் தண்டின் நீளத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எஞ்சின் கவ்வும் பின்பலகையின் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிவரை நேராக அளக்க வேண்டும். 15 அங்குலத்துக்குக் குட்டைத் தண்டு, 20க்கு நெட்டைத் தண்டு. பாய்ப்படகில் இரண்டுக்கும் இடைப்பட்டால் கேள்வியே இல்லாமல் நெட்டையை எடுங்கள். நடுவில் சுக்கான் இருப்பதால் எஞ்சின் ஒரு பக்கமாகத்தான் ஏறும். கரை சேரும்போது கயிறு பிடிக்க ஒருவர் முன்னுக்குப் போனால் பின்பக்கம் தூக்கும், குட்டைத் தண்டின் புரொப்பெல்லர் காற்றை இழுத்து வெறுமனே அலறும். படகு தள்ளுபடாது. தள்ளுவிசை மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான்.

மவுசாக்கலையில் தண்ணீர் இறங்கும் மாதங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் சுவர்களும் மரக்கட்டைகளும் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும். சிறு எஞ்சின்களில் புரொப்பெல்லரை அச்சோடு பிடிப்பது ‘ஷியர் பின்’ எனும் ஒரு மெல்லிய உலோக முளை. எதிலாவது அடிபட்டால் அது உடைந்து கியரைக் காப்பாற்றும். உடைந்த பின்னுக்குப் பதிலாக ஆணி அடித்து ஓடுகிறவர்கள் அடுத்த அடியில் கியர்பெட்டிக்கே செலவழிப்பார்கள். இரண்டு ஷியர் பின், இரண்டு ஸ்ப்ளிட் பின், ஒரு குறடு எப்போதும் படகில் இருக்கட்டும்.

பழைய எஞ்சின்தான் வாங்குவதென்றால் ட்ரம்மில் தண்ணீர் நிரப்பி ஓடவிட்டுப் பாருங்கள். பக்கத்துத் துவாரத்தால் தண்ணீர் சீராகப் பீய்ச்ச வேண்டும். தண்ணீரை இறைக்கும் இம்பெல்லரைப் புதிதாகப் போட்ட பிறகும் சொட்டினால், குளிர்விக்கும் வழிகளில் கடலுப்பு இறுகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கியர் ஒயில் பால்நிறமாக இருந்தால் சீல் போய்விட்டது. அந்த எஞ்சினை விட்டுவிடுங்கள்.

நுவரெலியாவின் கிரகரி வாவிக்கு என் தெரிவு மின்மோட்டார். உயரத்தால் அதன் வலு குறையாது, வாவியில் எண்ணெய்ப் படலமும் மிதக்காது. 55 இறாத்தல் உந்துவிசை மோட்டார் முழு வேகத்தில் 12 வோல்ட்டில் சுமார் 50 அம்பியர் இழுக்கும். 100 அம்பியர்-மணி லெட்-அசிட் பற்றரியில் பாதியைத்தான் பாவிக்கலாம் என்பதால் ஒரு மணி நேரம்கூட ஓடாது. வேகத்தைப் பாதியாக்கினால் பல மடங்கு நேரம் கிடைக்கும். காசல்ரீயில் தென்மேல் பருவக்காற்று மலை இடுக்கால் அடிக்கும் நாட்களில் இந்த மோட்டாரை நம்பி நடுவுக்குப் போகக் கூடாது. அங்கே 3.5 பெற்றோல் எஞ்சினே வேண்டும், அதன் ஒரு லீற்றர் தாங்கியும் முழு வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குள் காலியாகும் என்பதால் மேலதிகக் கலன் ஒன்றும் வேண்டும்.

இப்படிக்கு,
படகு எஞ்சின் திருத்துநர் ஒருவர்,
நோர்வூட்.